ஷார்ஷென் நடக்காத ஏழு நாட்கள்

குளிர்காலத்தில் சாயங்காலம் மணி ஆறு ஆனால் போதும், ஷார்ஷென் அண்ணன் கீழ்த்தெருவில் நடக்க ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்த்து உருகிப்போகிறவர்கள் உருகட்டும். பத்தொன்பது வருடமாக மின்வாரிய வண்டியில் அவரை ஏற்றி இறக்கிய டிரைவர் நான். எனக்கு எரிச்சல்தான் வரும். ஐம்பத்தொன்பது வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோன லைன்மேன், மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற குளிரில் ஐம்பத்தெட்டு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு போனால் வேறென்ன வரும்?

தட்டுவது ஹீட்டரை அணைக்கச் சொல்லி. கீழ்த்தெருவுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சோவியத் காலத்தது. இருநூற்றைம்பது கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. அதை வைத்தபோது தெருவில் இருபது வீடுகள்தான், எல்லாவற்றிலும் நிலக்கரி அடுப்பு. இப்போது நிலக்கரி கிடைக்கிற லட்சணத்தில் எல்லோரும் கரண்ட் ஹீட்டருக்கு மாறிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வீடும் ஒரே நேரத்தில் போட்டால் முந்நூறு தாண்டும். அதனால் அண்ணன் ஒரு முறை வகுத்திருந்தார். ஆறிலிருந்து எட்டு வரை மலைப்பக்கத்து வரிசை ஹீட்டர் போட வேண்டும், ஆற்றுப்பக்கத்து வரிசை போர்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டும். எட்டிலிருந்து பத்து வரை அப்படியே மாற்றி.

எந்த அதிகாரியும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. பனியில் சாலை மூடிக்கிடந்து, மாவட்டத் தலைநகரிலிருந்து ஆள் வந்து சுருளை மாற்றிக் கட்ட மூன்று நாள் ஆனது. வீடுகளில் குழாய்கள் வெடித்தன. பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு மனிதர் மூன்றாம் நாள் விடியும் முன் விறைத்துப் போனார். குளிரால்தான் செத்தார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வீட்டுச் சாவுக்குப் போய் சாவுக்காகப் போட்டிருந்த யூர்த்துக் கூடாரத்துக்கு வெளியே நின்று அழுதுவிட்டு வந்தார் அண்ணன். அடுத்த நாளிலிருந்து நடக்கத் தொடங்கியவர்தான்.

மக்கள் நன்றி சொன்னார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஆற்றுப்பக்கத்து நாலாவது வீடு ரக்கியா அக்காவுடையது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"வந்துட்டான்யா குளிர் யாவாரி!"

"அக்கா, ஹீட்டர் ஓடுது போலிருக்கே."

"ஓடல. சும்மா உக்காந்திருக்கு."

"ஜன்னல்ல பனி உருகியிருக்கே, அக்கா."

"அது என் மூச்சுக் காத்து. மூச்சையும் எட்டு மணிக்கு மேலதான் விடணுமா? உனக்குன்னு ஒரு வீடு வாசல் இல்ல? பொண்டாட்டி இல்ல? ஊரான் வீட்டு ஜன்னலையே மோந்துக்கிட்டுத் திரியிற!"

அண்ணன் கதவை விட்டு நகர மாட்டார். சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். உள்ளே சுவிட்சு அணைகிற சத்தம் கேட்கும்வரை நிற்பார். "வரேன் அக்கா" என்றுவிட்டு அடுத்த வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போவார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அவர் மனைவி சூராகான் அண்ணி என்னைவிடப் பெரிய எரிச்சல்காரி. நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முட்டியையும் மாற்ற வேண்டும், அதற்கப்புறம் மூன்று மாதம் நடக்கக் கூடாது, தள்ளிப்போட்டால் கோல் இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது என்று சொல்லி நாலு வருடம் ஆகிவிட்டது. கோடையில் போங்கள் என்றால் கோடையில்தான் கம்பம் நடுகிற வேலை, லைன் இழுக்கிற வேலை எல்லாம். குளிர்காலத்தில் போங்கள் என்றால் கீழ்த்தெருவை யார் பார்ப்பது?

"டிரான்ஸ்ஃபார்மர் மாத்தட்டும், அன்னிக்கே போய்ப் படுத்துக்கறேன்" என்பார்.

"மாத்துவாங்க, மாத்துவாங்க. உன்னைக் குழியில இறக்கின மறுநாள் மாத்துவாங்க" என்பார் அண்ணி. வாய் அப்படிச் சொல்லும். கை ஆட்டு வால் கொழுப்பைச் சூடாக்கி அவர் முட்டியில் தேய்த்துக்கொண்டிருக்கும்.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு அவர் எழுதிய மனு மட்டும் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்.

போன இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் நவீனமாக்குகிறோம் என்று கிளம்பினார்கள். வீட்டுக்கு வீடு புது மீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் ஒரு சாம்பல்நிறப் பெட்டி. அரை மணிக்கு ஒரு தடவை தெரு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை அந்தப் பெட்டியே மாவட்டத் தலைநகரத்துத் திரைக்கு அனுப்பிவிடும். நாங்கள் கம்பத்தில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. மாவட்டம் முழுக்கப் பதினாலு புது டிரான்ஸ்ஃபார்மர் வரப்போகிறது, நானூறு தாங்கக்கூடியது என்றார்கள். அதைக் கேட்ட அன்று அண்ணன் வண்டிக்குள் பாட்டு முணுமுணுத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து பாட்டு வந்து நான் கேட்டதில்லை.

டிசம்பர் கடைசியில் மாவட்டத் தலைநகரத்திலிருந்து பெகாயிம் என்ற பெண் இன்ஜினியர் வந்தாள். மடியில் கணினியை வைத்துக்கொண்டு எங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணே, உங்க மனு எல்லாத்தையும் படிச்சேன். ஆனா இந்தத் தெருவுல பிரச்சனையே இல்லையே. இருநூத்திமுப்பது, இருநூத்திமுப்பத்தெட்டு... ஒரு நாள்கூட இருநூத்தம்பதைத் தொடலையே?"

"தொட விடமாட்டேன்மா. நான் நடக்கறேன்ல."

"நடக்கறீங்களா?"

அண்ணன் விளக்கினார். மலைப்பக்கம், ஆற்றுப்பக்கம், ஆறு மணி, எட்டு மணி. அவள் கணினியை மூடிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவுக்கும் இந்த வயதுதான் இருக்கும்.

"நீங்க நடக்கறது பெட்டிக்குத் தெரியாதே, அண்ணே. அது எண்ணை மட்டும்தான் பாக்கும். எண்ணு தாண்டின தெருவுக்குத்தான் புதுசு. நான் எழுதிக்கொடுத்தாலும் மேல ஒத்துக்கமாட்டாங்க. கடன் கொடுக்கிற வங்கிக்காரன் எண்ணைத்தான் கேக்கறான்."

"அப்போ பதினோரு வருஷமா நான்..." என்று ஆரம்பித்தவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஜனவரி பதினெட்டுலேர்ந்து ஏழு நாள் அளக்கறாங்க" என்றாள் அவள். "அதுல ஒரே ஒரு அரை மணி நேரம் தாண்டினாப் போதும். அந்த ஏழு நாள் நீங்க வீட்ல இருங்க. அவ்வளவுதான். எரிஞ்சிடுமோன்னு பயப்படாதீங்க, ரொம்ப ஏறினாப் பெட்டியே வெட்டிவிட்டுடும். கொஞ்ச நேரம் இருட்டு, அப்புறம் தானா வந்துடும்."

அவள் போனதும் நான் சொன்னேன்: "எதுக்கு அண்ணே வீட்ல இருக்கணும்? தெருவுக்குப் போய், எல்லாரும் எல்லாத்தையும் போடுங்கன்னு சொல்லிடுவோம். ஒரே ராத்திரியில முந்நூத்தம்பது காட்டிடும்."

"வேணாம், காசிபெக்" என்றார். "சொல்லிப் போட வெச்சா அது பொய். நான் சும்மா இருந்து அதுவா ஏறினா அது நெசம். நெசமாவே நமக்குப் புதுசு வேணும். தேவையில்லாத பொய்யை எதுக்குச் சொல்லணும்?"

பெரிய நியாயவான்! எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவரிடம் அதற்கு மேல் பேச முடியாது.

பதினெட்டாம் தேதி மாலை, தான் வரவில்லை என்று மட்டும் தெருவில் சொல்லிவிடச் சொல்லி என்னை அனுப்பினார். ஏன் என்று கேட்டால் ஓய்வு என்று சொல்லச் சொன்னார். நான் தொக்தோபெக்கின் கடைக்குப் போனேன். தெருவில் எது நடந்தாலும் அந்தக் கடையில் சொன்னால் போதும், சிகரெட்டோடும் சர்க்கரையோடும் சேர்ந்து வீட்டுக்கு வீடு போய்விடும். ரக்கியா அக்காவும் அங்கே ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கே நம்ம குளிர் யாவாரி?" என்றார்.

ஓய்வு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு ஓய்வு, ஏன் ஓய்வு என்று குடைவார்கள், பார்க்கக் கிளம்பி வருவார்கள் என்று பயந்தேன். அதனால் நானாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்.

"உடம்பு சரியில்ல அக்கா. மார்ச்சளி, நுரையீரல்ல இறங்கிடுச்சாம். டாக்டர் ஒருத்தரையும் பாக்க விடாதீங்கன்னுட்டார். ஒரு வாரம் இந்தப் பக்கம் வரமாட்டார்."

ரக்கியா அக்கா ரொட்டியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்து வண்டியை எடுத்தேன். இனிமேல் ராஜ்ஜியம் அவர்களுடையது, தட்டுகிற ஆளில்லை, இன்றைக்கே இருநூற்றெண்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். மடையன் நான்.

அந்த ஏழு நாளும் நான் கீழ்த்தெருப் பக்கம் வண்டியை விடவில்லை. என்னைப் பார்த்தால் அவர் அனுப்பியதாக நினைத்து அணைத்துவிடுவார்களோ என்று பயம். அண்ணன் தன் கைப்பேசியை அணைத்துவிட்டு, மேட்டில் இருக்கிற தன் வீட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் கீழ்த்தெரு விளக்கெல்லாம் தெரியும். ஆறு மணி ஆனதும் அவர் கால் இரண்டும் தரையில் தாளம் போடும்.

முதல் நாளே அவர் வீட்டுக் கேட்டில் ஒரு பாத்திரம் வந்து உட்கார்ந்தது. ஆட்டுச் சூப். இரண்டாம் நாள் குதிரை இறைச்சி, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள். மூன்றாம் நாள் நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று கரடிக் கொழுப்பு. உள்ளே வராமல் கேட்டில் வைத்துவிட்டு, நாய் குரைக்கும் முன்னால் போய்விட்டார்கள்.

"எதுக்குடா இப்படி அனுப்பறாங்க? ஓய்வுன்னுதானே சொல்லச் சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னதைச் சொன்னேன். அண்ணி என்னைத் துடைப்பத்தால் அடிக்காததுதான் பாக்கி.

"நல்லா இருக்கிற மனுஷனுக்கு நோவை வரவழைக்கிறியே, உன் வாயில மண்ணு விழ!"

அண்ணன் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார். "திருடித் தின்ற மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அதோடு விட்டுவிட்டார். இன்னும் நாலு நாள்தானே என்று இருந்திருப்பார்.

எங்கள் இருவர் கணக்கும் சனிக்கிழமையில் இருந்தது. அன்று தொக்தோபெக் வீட்டில் குளிர்கால விருந்து. குதிரை அடித்து, அறுபது பேரைக் கூப்பிட்டு, விடிய விடியச் சமைக்கிற விருந்து. வந்தவர்கள் படுக்க நாலு வீட்டில் இடம் வாங்கியிருந்தார்கள். "அன்னிக்கு நானே நடந்தாலும் தாங்காது, காசிபெக். அன்னிக்குத் தாண்டிடும்" என்று அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவரோடு ஜன்னலில் உட்கார்ந்தேன். ஆறு, ஏழு, எட்டு. கீழே விளக்குகள் ஆடாமல் அசையாமல் எரிந்தன.

"தாங்குதுடா" என்றார் அதிசயத்தோடு. "இத்தனை பாரத்தையும் ஏத்தி, கிழட்டுக் குதிரை தாங்குது பாரு. இதையா நான் நம்பாம இருந்தேன்?"

பெட்டி எப்படியும் எழுதியிருக்கும், அது போதும் என்று இருவரும் சந்தோஷமாக டீ குடித்தோம். அடுத்த மாதம் பிஷ்கெக் போகும்போது எந்தப் பையை எடுத்துப்போவது என்று அண்ணி பரணைக் குடைய ஆரம்பித்துவிட்டார்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு என் கைப்பேசியில் பெகாயிம்.

"என்ன அண்ணே பண்ணீங்க? அவரை வீட்லதானே இருக்கச் சொன்னேன்?"

"வீட்லதான் இருந்தார். நாற்காலியை விட்டு நகரல."

"ஏழு நாள்ல அதிகபட்சம் நூத்திதொண்ணூத்தாறு" என்றாள். "இந்தப் பெட்டி வெச்ச நாள்லேர்ந்து இவ்வளவு கம்மியா வந்ததே இல்ல. பட்டியல் மேல போயாச்சு, அண்ணே. பதினாலும் மத்த ஊருக்கு. அடுத்த திட்டம் எப்போன்னு எனக்கே தெரியல."

அவர் வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. பெட்டியில் ஏதோ கோளாறு, போய்ப் பார்க்கலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழப்பார்த்தார். அப்போதுதான் கேட்டில் சத்தம் கேட்டது. ரக்கியா அக்கா முன்னால், தொக்தோபெக் பின்னால், அவர்களுக்குப் பின்னால் கீழ்த்தெருவிலிருந்து ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். டாக்டர் சொன்ன வாரம் முடிந்துவிட்டதாம், பார்க்க வந்துவிட்டார்கள். ரக்கியா அக்கா நொண்டிக்கொண்டு வந்தார்.

"முகத்துல களை வந்திருக்கு. பொழைச்சிக்கிட்டே" என்றார் அண்ணனைப் பார்த்து. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பூட்ஸுக்கு மேல் முட்டியைத் தடவிக்கொண்டார். "ஏழே நாள். ரெண்டு முட்டியும் போச்சு. பதினோரு வருஷம் நீ எப்படித்தான் நடந்தியோ, பாவி மனுஷா."

"எங்கே நடந்தீங்க அக்கா?" என்றார் அண்ணன்.

"எங்கேயா? உன் வேலையைத்தான் பாத்தேன். கம்பத்துல புதுசா பெட்டி வெச்சிருக்காங்களே, தெரு அதிகம் இழுத்தா அது காட்டிக் கொடுத்துடுமாமே. நீ நோவுல கிடக்கறப்போ அது ஏறிச்சுன்னா யாருக்குத் திட்டு விழும்? உனக்குத்தானே? நடந்தேன். ஐம்பத்தெட்டு வீடும். பாதிப்பாதின்னு நீ வெச்சிருந்தே. எனக்கு அது பத்தாதுன்னு பட்டுச்சு. மூணு வரிசையாப் பிரிச்சேன். நான் கணக்கு வாத்தியாராக்கும்!"

"கைக்குழந்தை இருக்கிற வீட்டை மட்டும் விட்டுவெச்சாங்க" என்றார் ஒரு பெண். "மத்தவங்க எல்லாம் கோட்டு போட்டுக்கிட்டுத்தான் தூங்கினோம்."

"விருந்து?" என்று கேட்டேன் நான்.

"விருந்தா?" என்றார் தொக்தோபெக். "அண்ணன் இங்கே படுத்துக் கிடக்கறார், நாங்க அங்கே விளக்கெல்லாம் போட்டுக் கறி தின்னுக்கிட்டு இருப்போமா? தள்ளி வெச்சாச்சு. குதிரை கொட்டகையில விறைச்சுத் தொங்குது. நீங்க எழுந்து வந்தாத்தான் அடுப்புல ஏறும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. பொய் சொன்னது நான், அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். கம்பி இழுத்து இழுத்து இறுகின கை, எலும்பு வலித்தது. சமையலறை வாசலில் நின்ற அண்ணி தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டார்.

"யாருக்காவது ரொம்பக் குளிரிச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

"குளிரத்தான் குளிரிச்சு. அதுக்கு என்ன இப்போ?" என்றார் ரக்கியா அக்கா. "ஒரு தடவைகூட அணையல. ஏழு நாளும். எண்ணிக்கோ."

அண்ணனுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. வந்தவர்களில் இரண்டு பேர் அதைப் பார்த்து அழுதார்கள். நானும் அழுதேன், ஆத்திரத்தில்.

கொஞ்ச நேரம் கழித்து ரக்கியா அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் பெட்டி எல்லாத்தையும் பாக்கும்னு சொல்றாங்களே, அது பாத்துச்சா எங்களை? என்ன சொல்லுச்சு?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் நேராக அக்காவின் வீங்கின முட்டியில் இருந்தது.

"பாத்துச்சு அக்கா" என்றார். "நல்ல தெரு, ஒரு குறையும் இல்லேன்னு சொல்லுச்சு."

"பின்னே!" என்றார் ரக்கியா அக்கா, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து.